பேப்பர் போடுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

பத்துப் பன்னிரண்டு வருட அனுபவமுள்ள ஒரு மென்பொருள் ஊழியர் பேப்பர் போட்டு, அதாவது ராஜினாமா செய்து, தனி ஆலோசகராக இறங்கும்போது, வேலை தெரியாமல் திணறுவது அபூர்வம். கிளையன்ட் கிடைக்காமல் போவதுகூட நினைக்கிற அளவுக்கு இல்லை. பழைய மேலாளர், வேறு கம்பெனிக்குப் போன பழைய டீம் ஆள் என்று யாராவது ஒருவர் முதல் வேலையைக் கொடுத்துவிடுவார்கள். இடறுவது தேதிகளில்தான். பணம் கைக்கு வருகிற தேதியும், கையைவிட்டுப் போகிற தேதியும் சம்பள வாழ்க்கையில் தாமாகவே ஒத்துப்போகும். வெளியே வந்தபின் அவற்றைப் பொருத்துவது நம் வேலையாகிவிடுகிறது. ஆறேழு மாதத்தில் மறுபடியும் நௌக்ரி வேலைத்தேடல் தளத்தில் ரெஸ்யூமேயைப் புதுப்பிப்பவர்களில் பலருடைய கணக்கைப் பிரித்துப் பார்த்தால், ஆர்டர் புத்தகத்தில் வேலை இருக்கும். வங்கிக் கணக்கில் பணம் இருக்காது.

சென்னையின் ஐ.டி. சாலையான ஓ.எம்.ஆரில் ஆண்டுக்கு 24 லட்சம் சி.டி.சி. (நிறுவனம் அவருக்காகச் செய்யும் மொத்தச் செலவு) வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மார்ச் 31 அவருக்குக் கடைசி வேலை நாள். மே முதல் வாரத்தில் ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. இது நல்ல வேகம். மே மாதம் முழுக்க வேலை செய்து ஜூன் 1-ஆம் தேதி இன்வாய்ஸ் அனுப்புகிறார். ஒப்பந்தத்தில் 45 நாள் அவகாசம். ஜூலை 16-இல் தவணை முடிகிறது. அந்தக் கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் பிரிவு வாரத்துக்கு ஒருநாள்தான் பணம் அனுப்பும் என்றால் ஜூலை 20 வாக்கில் கணக்கில் ஏறும். அதிலும் 10 சதவீதம் டி.டி.எஸ். (கிளையன்ட்டே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) போய்விடும். எல்லாமே ஒழுங்காக நடந்தால் கதை இது.

பின்பக்கமும் ஒரு மாதம் சேரும். பல நிறுவனங்கள் நோட்டீஸ் பீரியடின் கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்து, இறுதிக் கணக்கோடு சேர்த்துத்தான் தருகின்றன. 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி ராஜினாமா செய்தவருக்கும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். சட்டம் அப்படி, உங்கள் எச்.ஆர். எப்படி என்பதை அதே நிறுவனத்தில் சமீபத்தில் விலகியவரிடம் கேட்பது உத்தமம். நிறுத்தி வைக்கும் வழக்கம் அங்கே தொடர்ந்தால், மேலே சொன்ன ஆளுக்குக் கடைசியாகச் சம்பளம் ஏறியது பிப்ரவரி இறுதியில். எப்போது வரும் என்று தெரியாத இறுதிக் கணக்கை நம்பாவிட்டால், அடுத்த வரவு ஜூலை 20. நடுவே ஏறக்குறைய ஐந்து மாதம். வீட்டுக்கு மாதம் 70,000 ஆகிறது என்றால், மூன்றரை லட்சம் வெறும் காத்திருப்புக்கே போகிறது. ‘ஆறு மாதச் செலவைக் கையில் வையுங்கள்’ என்று எல்லோரும் சொல்வது கிளையன்ட் கிடைக்காதவனுக்கான அறிவுரை இல்லை. உடனே கிடைத்தவனுக்கே ஐந்து மாதம் ஆகிறது. வீட்டுக்கடன் இ.எம்.ஐ. உள்ளவர்கள் ஒன்பது மாதத்துக்குக் குறைத்து வைப்பது துணிச்சல் என்றுதான் சொல்ல வேண்டும்.

நாள் விலை

அடுத்து விலை. பெரும்பாலோர் செய்யும் கணக்கு இது: 24 லட்சத்தை 12-ஆல் வகுத்தால் மாதம் 2 லட்சம், அதை 22 வேலை நாளால் வகுத்தால் நாளுக்கு 9,090 ரூபாய். ‘பத்தாயிரம் கேட்டால் லாபம்தானே’ என்று ஒப்பந்தம் போட்டுவிடுகிறார்கள். அங்கேயே முதல் ஆண்டு தோற்றாயிற்று.

சரியான வழி ஆண்டின் நாட்களிலிருந்து தொடங்குவது. 365-இல் சனி, ஞாயிறு 104 போக 261. அரசு விடுமுறை, பண்டிகை என்று 11 போக 250. காய்ச்சல், குடும்ப விசேஷம், ஊருக்குப் போவது என்று 20 போக 230. இந்த 230 நாளும் பில் போடக்கூடிய நாட்கள் இல்லை. முன்மொழிவு எழுதுவது, பேச்சுவார்த்தை, இன்வாய்ஸ், ஆடிட்டர், புதிதாக ஒன்றைக் கற்பது, ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும்வரை சும்மா இருப்பது எல்லாம் இதற்குள்தான் அடங்கும். முதல் ஆண்டில் 60 சதவீத நாளுக்கு பில் போட முடிந்தாலே நல்ல நிலை. அது 138 நாள்.

இனி செலவு. அலுவலகம் சத்தமில்லாமல் ஏற்ற எல்லாம் இப்போது நம் தலையில்: குடும்ப மருத்துவக் காப்பீடு, லேப்டாப், இரண்டாவது இணைய இணைப்பு, மென்பொருள் சந்தாக்கள், ஆடிட்டர் கட்டணம், தேவைப்பட்டால் கோ-வொர்க்கிங் மேசை. ஆண்டுக்கு 3 லட்சம் என்று வைக்கலாம். 24-உம் 3-உம் சேர்த்து 27 லட்சத்தை 138-ஆல் வகுத்தால் நாளுக்கு 19,500 ரூபாய்க்குச் சற்று மேல். முதல் கணக்கைப் போல இரு மடங்குக்கும் அதிகம். இந்த எண்ணைச் சொல்ல வாய் கூசும். ‘பழைய சம்பளத்தைவிட டபுளா?’ என்று தெரிந்தவரே கேட்பார். அவரிடம் இந்தக் கணக்கையே காட்டலாம். நிரந்தர ஊழியர் ஒருவருக்குச் சம்பளம் தவிர பி.எஃப்., கிராஜுவிட்டி, காப்பீடு, இருக்கை, பெஞ்சில் (புராஜெக்ட் இல்லாமல்) இருக்கும் காலம் என்று எவ்வளவு ஆகிறது என்பது அவருக்கும் தெரியும்.

ஒரே கிளையன்ட் ஆண்டு முழுவதும் மாதம் 18 நாளுக்குக் குறையாமல் எடுத்துக்கொள்வதாக எழுதிக்கொடுத்தால் விலையைக் குறைப்பது நியாயம். வாய்வார்த்தையாக ‘லாங் டெர்ம் பார்க்கிறோம்’ என்பதற்குக் குறைக்கக் கூடாது. அந்த வார்த்தைக்கு ஒரு பைசா மதிப்பில்லை.

பே-ஸ்லிப் கையில் இருக்கும்போதே

ராஜினாமா மின்னஞ்சல் போன நொடியிலிருந்து வங்கிகளின் பார்வையில் நீங்கள் வேறு ஆள். வீட்டுக்கடனுக்குச் சம்பளக்காரரிடம் சில மாத பே-ஸ்லிப்பும் ஃபார்ம் 16-உம் (நிறுவனம் தரும் வரிப் பிடித்தச் சான்று) கேட்பார்கள். சுயதொழில் செய்பவரிடம் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு கேட்பார்கள். வரவில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டும், கீழே வரப்போகும் ஊக வரிமுறையில் கணக்குக் காட்டினால் 27 லட்சம் சம்பாதித்தவரின் வருமானம் காகிதத்தில் 13.5 லட்சம்தான், பல வங்கிகள் கடன் தகுதியை அதிலிருந்தே எடுக்கும். ஆகவே வீடு வாங்கும் எண்ணம், கடனை வேறு வங்கிக்கு மாற்றும் எண்ணம், கிரெடிட் கார்டு வரம்பை உயர்த்தும் எண்ணம் இருந்தால் எல்லாம் பேப்பர் போடுவதற்கு முன். டேர்ம் இன்சூரன்ஸும் அப்படித்தான்: வருமானச் சான்று இருக்கும்போது எளிதாகக் கிடைக்கும், பிறகு வேலை போனாலும் பிரீமியம் கட்டும்வரை பாலிசி செல்லும்.

மருத்துவக் காப்பீட்டில் உண்மையான இழப்பு நமக்கு இல்லை, அப்பா அம்மாவுக்கு. நிறுவனக் குழுக் காப்பீட்டில் அறுபதைத் தாண்டிய, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள பெற்றோருக்குப் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. தனிப் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுவரை காத்திருப்புக் காலம் வைக்கலாம் என்று விதி இருக்கிறது. இதற்கு ஒரு வழி உண்டு: குழுக் காப்பீடு தரும் அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் உரிமை. குழுவில் கழிந்த ஆண்டுகள் காத்திருப்புக் காலத்தில் வரவு வைக்கப்படும். ஆனால் குழுவைவிட்டு வெளியேறும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாளுக்கு ஒன்றரை மாதம் முன்பே தொடங்கினால் பதற்றமில்லை. குழுக் காப்பீட்டில் எத்தனை ஆண்டு இருந்தீர்கள் என்று காட்டும் தொடர்ச்சிச் சான்றிதழை எச்.ஆரிடமிருந்து வாங்கி வையுங்கள். அது இல்லாமல் வரவு கேட்டால் இழுத்தடிப்பார்கள். ஒரு சின்ன ஆறுதல், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ, ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

பிறகு காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று தேதிகளைப் பார்க்க வேண்டும். ஒன்று, போனஸ் கணக்கில் ஏறும் தேதி. அறிவித்த தேதி இல்லை. பல நிறுவனங்களில் ஏறும் நாளன்று நோட்டீஸில் இருந்தால் போனஸ் கிடையாது. இரண்டு, ஈசாப் (நிறுவனப் பங்கைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமை) அல்லது ஆர்.எஸ்.யு. (நிறுவனம் தவணையாகத் தரும் பங்கு) அடுத்த தவணை கைக்கு வரும் நாள். விலகிய பிறகு ஈசாப்பைப் பயன்படுத்தப் பெரும்பாலும் 90 நாள்தான் தருவார்கள். பயன்படுத்தும்போது சந்தை மதிப்புக்கும் நீங்கள் கட்டும் விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வரி உண்டு. பங்கை விற்க முடியாத ஸ்டார்ட்-அப்பில் இது கையிலிருந்து கட்டும் வரி. மூன்றாவது கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. ஐந்து ஆண்டு தொடர்ச்சியான பணி வேண்டும். ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது, ஆனாலும் பல எச்.ஆர். பிரிவுகள் முழு ஐந்து என்றே அடம்பிடிக்கும். நாலே முக்கால் ஆண்டில் பேப்பர் போடுகிறவர் மூன்று மாதம் பொறுத்தால் வாதமே தேவையில்லை. கணக்கு: சட்டம் வரையறுக்கும் கடைசி மாத ஊதியம், பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் ஆண்டுகள். அந்த ஊதியம் 80,000, பணி 7 ஆண்டு என்றால் 3,23,077 ரூபாய். இதற்கு 20 லட்சம் வரையும், பயன்படுத்தாத விடுப்புக்குக் கிடைக்கும் பணத்துக்கு 25 லட்சம் வரையும், சூத்திரக் கணக்குக்கு உட்பட்டு, வரி விலக்கு உண்டு.

பி.எஃப்.பை எடுக்காதீர்கள். ஐந்து ஆண்டுக்குள் எடுத்தால் வரி. அதற்கு மேல் என்றாலும், காத்திருப்புப் பணமாக அதைக் கரைப்பது கடைசி வழியாக இருக்கட்டும். வட்டி தொடர்ந்து ஏறும், ஆனால் வேலையை விட்ட பிறகு ஏறும் வட்டிக்கு வரி உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். தளத்தில் வெளியேறிய தேதி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் பதியாவிட்டால் கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து நாமே பதியலாம். பத்தாண்டு நிறையாதவர்கள் ஓய்வூதியப் பகுதியைப் பணமாக எடுக்காமல் திட்டச் சான்றிதழாக வாங்கிக்கொண்டால், பிற்பாடு வேலைக்குத் திரும்பினால் அந்த ஆண்டுகள் கூடிவரும்.

ஒப்பந்தமும் உரிமையும்

அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் ‘விலகிய பின் ஓராண்டு போட்டி நிறுவனத்தில் பணிபுரியக் கூடாது’ என்ற வரியைப் பார்த்து மிரளுபவர்கள் நிறைய. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை செல்லாது என்கிறது. விலகிய பிறகான தடைக்கு நீதிமன்றங்கள் இதைத்தான் காட்டுகின்றன. ரகசியக் காப்பு வேறு விஷயம். கிளையன்ட் பட்டியல், கோட், விலைப் பட்டியல் எதையாவது பென்-டிரைவிலோ சொந்த மின்னஞ்சலிலோ கொண்டுபோனால் அது வழக்காகும். நோட்டீஸ் காலத்தில் அலுவலக லேப்டாப்பில் சொந்த முன்மொழிவு எழுதுவதும் வினைதான். அந்த லேப்டாப்பில் நடப்பதெல்லாம் பதிவாகிறது.

வெளியே வந்து எழுதும் ஒப்பந்தத்தில், பணத்துக்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது பதிப்புரிமை. ஊழியராக எழுதிய நிரலுக்கு முதல் உரிமையாளர் முதலாளி. தனி ஒப்பந்தக்காரராக எழுதியதற்கு, எழுதிக்கொடுக்காதவரை, நீங்கள்தான் உரிமையாளர். கிளையன்ட் எல்லாவற்றையும் எழுதி வாங்குவார், அது நியாயமும்கூட. இரண்டு சொற்றொடரை மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள்: உரிமை ‘முழுத்தொகை செலுத்தப்பட்டதும்’ மாறும், ஏற்கெனவே உங்களிடம் இருந்த பொதுப்பயன் கோட் உங்களுடையதாகவே இருக்கும், பயன்படுத்தும் அனுமதி மட்டும் அவருக்கு. பணம் வராமல் இழுக்கும்போது முதல் சொற்றொடர்தான் பிடி. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். கிளையன்ட்டின் வக்கீல் இதைக் கேட்காமல் விட்டிருந்தால், நீங்களே சொல்லிவிடுவது உங்கள் மதிப்பைக் கூட்டும்.

வேலை வரம்பை எழுதும்போது என்ன செய்வோம் என்பதைவிட என்ன செய்ய மாட்டோம் என்பதை எழுதுவது பயன்படும். ‘மூன்று திரைகள், இரண்டு சுற்று திருத்தம், டேட்டா மைக்ரேஷன் இதில் சேராது, கூடுதல் வேலைக்கு நாள் விலை இவ்வளவு’ என்று இருந்தால் பாதிச் சண்டை வராது. மொத்த விலை வேலைக்கு 30 முதல் 50 சதவீதம் முன்பணம். மாத ஒப்பந்தமானால் மாதத் தொடக்கத்திலேயே பில். நஷ்ட ஈட்டுப் பொறுப்பு கடந்த ஆறு மாதத்தில் பெற்ற கட்டணத்தைத் தாண்டாது என்று வரம்பு கட்டாயம் வேண்டும். தனிநபராகத் தொழில் செய்கிறவரின் வீடும் நகையும் தொழில் கடனுக்குப் பொறுப்பாகும் என்பதால் இதில் தாராளம் கூடாது.

வரி: சலுகையும் அதன் ஓட்டைகளும்

தனியாக இறங்குபவருக்கு இந்திய வரிச் சட்டம் தரும் பெரிய சலுகை, 44ஏடிஏ என்று எல்லோரும் சொல்லும் ஊக வரிமுறை. (2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆடிட்டர்கள் வாயிலிருந்து பழைய எண் போக நாளாகும்.) மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம், தணிக்கை தேவையில்லை. வரவு 50 லட்சம் வரை, ரொக்கமாக வந்தது 5 சதவீதத்துக்குள் என்றால் 75 லட்சம் வரை.

நம் ஆளின் 27 லட்சத்தில் வருமானம் 13.5 லட்சம். 2025-26 புதிய முறை விகிதப்படி வரி 82,500, செஸ் சேர்த்து 85,800 ரூபாய். அதே ஆள் 24 லட்சத்தையும் வரிக்குட்பட்ட சம்பளமாக வாங்கியிருந்தால், 75,000 நிலைக்கழிவு போக, 2,92,500 கட்டியிருப்பார். வித்தியாசம் இரண்டு லட்சத்துக்கும் மேல். இதைப் பார்த்துத்தான் பலர் மயங்குகிறார்கள்.

ஓட்டைகள் எங்கே? முதலாவது, இது எல்லாத் தொழிலுக்கும் இல்லை. சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம், அறிவிக்கையில் சேர்க்கப்பட்ட தகவல் தொழில்நுட்பம், சினிமாக் கலைஞர், கம்பெனி செக்ரெட்டரி போன்றவை பட்டியலில் உண்டு. எச்.ஆர். ஆலோசகர், மார்க்கெட்டிங் ஆள், கார்ப்பரேட் பயிற்சியாளர், உள்ளடக்கம் எழுதுபவர் பட்டியலில் இல்லை. யூடியூப் பார்த்துத் தாமே கணக்குத் தாக்கல் செய்யும் இவர்கள்தான் பின்னால் நோட்டீஸ் வாங்குவது. இரண்டாவது, எல்.எல்.பி. (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்) தொடங்கினால் இந்தச் சலுகை கிடையாது. தனிநபருக்கும் சாதாரணக் கூட்டு நிறுவனத்துக்கும் மட்டும். ‘பிரைவேட் லிமிடெட் போட்டால் கெத்து’ என்று முதல் ஆண்டிலேயே கம்பெனி தொடங்குபவர்கள் சலுகையையும் இழந்து, ஆண்டுத் தாக்கல் செலவையும் சுமக்கிறார்கள். மூன்றாவது, அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் ஆர்.எஸ்.யு. பங்கு கையில் இருந்தால் எளிய ஐ.டி.ஆர்.-4 படிவம் செல்லாது, ஐ.டி.ஆர்.-3-இல் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையோடு தாக்கல் செய்ய வேண்டும். ஓ.எம்.ஆர். ஆட்களுக்கு இது விதிவிலக்கு இல்லை, சர்வ சாதாரணம். இன்னொன்று, பாதி என்பது குறைந்தபட்சம். செலவே இல்லாமல் 90 சதவீதம் மிஞ்சினாலும் பாதியைக் காட்டலாமா என்பதில் ஆடிட்டர்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு. தாக்கலுக்கு முன்பே உங்கள் ஆடிட்டரின் நிலைப்பாட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுபடியும் தேதிதான். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார்கள். இப்போது முன்வரி நாமே கட்ட வேண்டும். ஊக முறையில் மார்ச் 15-க்குள் ஒரே தவணை. சாதாரண முறையில் ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் 100. தவறினால் மாதம் 1 சதவீத வட்டி. உள்நாட்டு கிளையன்ட் மட்டும் உள்ளவருக்கோ எதிர்ப் பிரச்சினை: 27 லட்சத்தில் 10 சதவீத டி.டி.எஸ். 2.7 லட்சம், ஆனால் வரி 85,800-தான். 1,84,200 ரூபாய் அரசிடம் மாட்டிக்கொண்டு, அடுத்த ஆண்டு கணக்குத் தாக்கல் செய்த பிறகே திரும்பும். ஆண்டுத் தொடக்கத்திலேயே குறைந்த விகிதப் பிடித்தத்துக்கான சான்றிதழ் வாங்கினால் இது கையிலேயே சுழலும். செய்பவர்கள் சொற்பம்.

ஜி.எஸ்.டி.யும் வெளிநாட்டுப் பணமும்

சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். ‘என் கிளையன்ட் எல்லாம் வெளிநாடு, எனக்கு வரி பூஜ்யம், பதிவு எதற்கு’ என்பது அடிக்கடி கேட்கும் தப்பு. ஏற்றுமதியும் அந்த 20 லட்சத்தில் சேரும். பதிவு செய்து, ஒவ்வொரு நிதியாண்டும், வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான எல்.யு.டி. உறுதிமொழியை இணையத்தில் தாக்கல் செய்தால்தான் வரி இல்லாமல் பில் போடலாம். ஏப்ரலில் புதுப்பிக்க மறப்பது வாடிக்கை.

ஏற்றுமதி எது என்பதிலும் கண் வேண்டும். வேலை கொடுத்தவர் டெக்ஸாஸில் இருக்கலாம். ஒப்பந்தமும் இன்வாய்ஸும் அவர்களுடைய பெங்களூரு கிளை நிறுவனத்தின் பெயரில், பணம் ரூபாயில் என்றால் அது உள்நாட்டுச் சேவை, 18 சதவீதம் வரி. விலை பேசும்போது ‘ஜி.எஸ்.டி. தனி’ என்று எழுதாவிட்டால், அந்த 18-ஐ உங்கள் கட்டணத்திலிருந்து பிய்த்துக் கொடுக்க வேண்டி வரும்.

உள்நாட்டு பில்லில் ஜி.எஸ்.டி.தான் பணப்புழக்கத்தை அதிகம் கடிப்பது. மே வேலைக்கு ஜூன் 1-ஆம் தேதி 3 லட்சத்துக்கு இன்வாய்ஸ், ஜி.எஸ்.டி. 54,000. மாதத் தாக்கல் செய்பவர் ஜூலை 20-க்குள் இந்த 54,000-ஐக் கட்டியாக வேண்டும். கிளையன்ட் ஆகஸ்ட்டில் தந்தாலும், தராமலே போனாலும் சரி. காலாண்டுத் தாக்கல் முறைக்கு மாறினாலும், காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்குப் பணத்தை அடுத்த மாதம் 25-க்குள் கட்ட வேண்டும். மாதக் கடைசி இன்வாய்ஸை ஒன்றாம் தேதிக்குத் தள்ளினால் ஒரு மாத அவகாசம் கிடைக்கும். சின்ன விஷயம்தான், ஆனால் முதல் ஆண்டில் இதுவே மூச்சு. வேலையே இல்லாத மாதத்துக்கும் தாக்கல் உண்டு. பூஜ்யக் கணக்கைத் தாமதித்தாலும் நாளுக்கு 20 ரூபாய் அபராதம் ஏறும்.

வெளிநாட்டுப் பணம் வரும்போது வங்கியிடம் நோக்கக் குறியீடு சொல்ல வேண்டும். மென்பொருள் ஆலோசனைக்கு பி0802. ஒவ்வொரு வரவுக்கும் வரவுச் சான்றை வாங்கிச் சேமியுங்கள், ஏற்றுமதிக்கு அதுவே ஆதாரம். கட்டணம் எவ்வளவு என்று பார்ப்பவர்கள் மாற்று விகிதத்தைப் பார்ப்பதில்லை. உண்மையான பிடித்தம் அங்கேதான் ஒளிந்திருக்கும்: பணம் ஏறிய அன்றைய சந்தை விகிதத்தோடு வங்கி கொடுத்த விகிதத்தை ஒப்பிட்டால் ஆயிரம் டாலருக்கு எவ்வளவு போகிறது என்று தெரியும். அமெரிக்க கிளையன்ட் டபிள்யூ-8 பென் படிவம் கேட்டால் பதற வேண்டாம். நீங்கள் அமெரிக்கர் இல்லை என்று கிளையன்ட்டுக்குத் தரும் சான்று அது. இந்தியாவில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கான கூலிக்கு அங்கே வரிப் பிடித்தம் இல்லை.

பணம் வராதபோது

சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆதார் இருந்தால் பத்து நிமிட வேலை. இதற்குப் பலன் உண்டு. பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வட்டி கேட்டு யாரும் வாங்கியதாக அதிகம் கேள்விப்படுவதில்லை. இதற்கான அரசுத் தளத்தில் புகார் போட்டால் அந்த கிளையன்ட் அதோடு சரி. ஆனால் 2023-24 முதல் ஒரு பல் முளைத்திருக்கிறது: கெடுவுக்குள் தராத தொகையை, தரும் ஆண்டுவரை, வாங்கியவர் தம் வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியாது. மார்ச் மாதத்தில் இது அக்கவுன்ட்ஸ் பிரிவை உசுப்பும். இன்வாய்ஸின் தலையிலேயே உத்யம் எண்ணையும், கெடுவு தேதியையும் அச்சிடுங்கள். நினைவூட்டலை வேலை கொடுத்த மேலாளருக்கு அனுப்புவதைவிட அக்கவுன்ட்ஸில் பில் போடும் ஆளின் பெயரைக் கேட்டு வாங்கி அவருக்கு அனுப்புவது வேகம். பெரிய கம்பெனிகளில் தாமதத்துக்குப் பெரும்பாலும் கெட்ட எண்ணம் காரணமாக இருக்காது. வெண்டர் பதிவு முடியாமலோ, பர்ச்சேஸ் ஆர்டர் எண் இன்வாய்ஸில் இல்லாமலோ கிடக்கும். வேலை தொடங்கும் முன்பே பி.ஓ. எண் கையில் வந்துவிட வேண்டும்.

முதல் கிளையன்ட் பழைய கம்பெனியாகவே அமைவது உண்டு. நல்லதுதான், ஆனால் அதே இருக்கை, அதே ஐ.டி. கார்டு, அதே ஒன்பது மணி நேரம், வேறு கிளையன்ட் கூடாது என்ற நிபந்தனை எல்லாம் சேர்ந்தால், பெயர் மாற்றிய வேலைதான் இது என்று வரித்துறையோ பி.எஃப். அலுவலகமோ கேள்வி கேட்க இடமுண்டு. நேரத்தை அவர்கள் தீர்மானிக்காமல் வேலையை மட்டும் தீர்மானிக்கும்படி ஒப்பந்தம் இருக்கட்டும். இரண்டாவது கிளையன்ட்டின் சிறிய இன்வாய்ஸ் ஒன்றாவது அந்த ஆண்டில் இருக்கட்டும்.

திரும்பி வேலைக்குப் போகும் வாய்ப்பையும் மூடிவிட வேண்டியதில்லை. தனியாக இருந்த காலத்தைப் பின்னணிச் சரிபார்ப்பு நிறுவனங்கள் ‘இடைவெளி’ என்று குறிப்பது ஆவணம் இல்லாதபோதுதான். ரிலீவிங் லெட்டர், கையெழுத்தான ஒப்பந்தங்கள், ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று, கிளையன்ட் பெயரோடு டி.டி.எஸ். காட்டும் 26ஏஎஸ் அறிக்கை, வருமான வரித் தாக்கல் ஒப்புகை, முடித்த வேலைக்கு கிளையன்ட் லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி. இவற்றை ஒவ்வொரு வேலை முடியும்போதே ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டால், எந்த எச்.ஆர். கேட்டாலும் அன்றைக்கே அனுப்பிவிடலாம்.